வெளியேறும் எல்லை

பண்டாரவளை ரயில் நிலையத்துக்கு எதிரே
பேக்கரியின் மேல்மாடியில் என் அறை.
கீழே மாவு புளிக்கிறது.
மேலே, பன்னிரண்டாம் நம்பர் மலை
எண்ணாயிரம் கட்டங்களாகத்
திரையில் வெட்டுண்டு கிடக்கிறது.

ஒவ்வொரு கட்டத்துக்கும் சொல்லியிருக்கிறேன்:
உன்னில் பாதி வெற்றிடம்,
உன் புளிப்பு இவ்வளவு,
உன் வழியே நீர் ஒரு நாளைக்கு
ஒரு விரற்கடை போகலாம்.
யூரியா கரையும்.
அமோனியம் களிமண்ணைப் பிடித்துக்கொள்ளும்,
வளைவில் பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல.
நைத்திரேற்றுக்கு அந்தப் பழக்கம் இல்லை.
நீர் போகும் இடமெல்லாம் அதுவும் போகும்.

மழையை நானே பெய்விக்கிறேன்,
மில்லிமீட்டர் கணக்கில், மூன்று வருடப் பதிவேட்டிலிருந்து.
ஒக்டோபர் வந்ததும் கணினியின் விசிறி இரைந்தது.
கணக்கு ஒருங்காமல் முரண்டு பிடித்தது,
காலத்தை இன்னும் பொடியாக நறுக்கு என்றது.
மணியை நிமிடமாக, நிமிடத்தை நொடியாக
நறுக்கி ஊட்டினேன்.
விடியுமுன் விழுங்கி முடித்தது.

விடை:
பீலிக்கு உரம் வந்து சேரப்
பதினொரு வருடம்.
படம் முழுக்க நீலம். ஓரத்தில் சிவப்பின் சாயலே இல்லை.
கீழே முதல் தட்டுப் பாண் வெளியே வந்தது.
நான் தூங்கிப் போனேன்.

செவ்வாய்க்கிழமை சலேத்மேரி வந்தாள்.
வாரத்துக்கு இரண்டு தடவை பீலியில் நீர் பிடித்து,
லேபல் ஒட்டி, மடியில் வைத்து
பஸ்ஸில் கொண்டுவருவது அவள் வேலை.
போத்தலுக்கு இவ்வளவு என்று சம்பளம்.
நாற்பத்தோராம் போத்தல்,
உரம் போட்டு ஒன்பதாம் நாள்.
சோதனைக் குழாயில் இளஞ்சிவப்பு.
மறுபடி செய்தேன். மறுபடியும் இளஞ்சிவப்பு.

"போத்தலச் சரியாக் கழுவினீங்களா?"
கேட்டிருக்கக் கூடாது.

அவள் பதில் சொல்லவில்லை. திரையைப் பார்த்தாள்.
"இதுல கான் எங்க?"
என்ன கான்?
"மறுநடுகைக்கு மூடின கான். எங்க வீட்டுக்காரருதான் மூடினாரு,
கருங்கல்லப் போட்டு, மேல மண்ணத் தள்ளி.
இப்பவும் மழைக்கு உள்ள சத்தம் கேக்கும்."

எண்ணாயிரம் கட்டங்களிலும்
கல்லுக்குள் ஓடும் சத்தம் ஒன்றுகூட இல்லை.
நான் சராசரி எடுத்திருந்தேன்.
சராசரியில் எல்லா ஓட்டையும் அடைபட்டுவிடும்.

அவள் விரல் கண்ணாடியில் போன தடத்தில்
ஒரு கோடு இழுத்தேன்.
இருநூற்றுப் பதினாறு கட்டங்கள்.
ஊடுவிடும் தன்மை ஆயிரம் மடங்கு.
விசிறி இரையத் தொடங்கியதும்
அவள் கீழே போய் இரண்டு மாலு பணிஸ் வாங்கிவந்தாள்,
காசு வேண்டாம் என்றாள்.
சிவப்பு கோட்டைக் கண்டுகொண்டது.
தெரிந்தவர் வீட்டுக்குப் போவதுபோல் போனது.
பத்தாம் நாள் ஓரத்தைத் தொட்டது.

ஒரேயொரு நாள் பிசகு.
எங்கள் துறையில் அதற்குக் கைதட்டுவார்கள்.
நான் சிரித்தும்விட்டேன்.

"இதுல எங்க லயம் எங்க இருக்கு?"

வலது ஓரம். கடைசிக் கட்டத்தின் விளிம்பு.
அதற்கு வெளியேறும் எல்லை என்று பெயர்.
அங்கே எழுதிவைத்திருப்பது ஒன்றுதான்:
வந்தது போகட்டும்.
போனதைக் கணக்கு மறந்துவிடும்.

"அங்க இருந்துதான் நாங்க குடிக்கிறோம்"
என்றாள், பணிஸ் தாளை நாலாக மடித்தபடி.
சண்டைக்கு வந்த குரல் இல்லை.
லேபல் வாசிக்கும் குரல்.

எத்தனை பேர் என்று கேட்டேன்.
"இருபத்திநாலு காம்பரா. ஒம்பதாவதுல கைப்புள்ள,
மாவுப் பால்தான் குடிக்குது."

உள்ளீட்டுக் கோப்பைத் திறந்து
கடைசி வரிக்குக் கீழே
அதை அப்படியே தட்டினேன்:
ஒன்பதாம் காம்பரா, கைக்குழந்தை.
மென்பொருள் உடனே நின்றது.
அறியாத பொருள், வரி முந்நூற்றுப் பதினேழு.

வெள்ளிக்கிழமை அறிக்கை போக வேண்டும்.
இரண்டு பக்கம் போதும், வண்ணப்படம் இருக்கட்டும்
என்று கந்தோரில் சொல்லியிருக்கிறார்கள்.
வரியை நான் அழிக்கவில்லை.

நாலு இருபது பஸ்ஸுக்கு அவள் எழுந்தாள்,
பையில் வெறும் போத்தல் பன்னிரண்டு.
வெளியே மழை பிடித்திருந்தது,
என் பதிவேட்டில் இல்லாத மழை.